கண்ணுக்கு லீவு

எங்கள் கண் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவசரம். சீட்டு எழுதுகிறவருக்கு அவசரம், டாக்டரம்மாவுக்கு அவசரம், கீழ்த்தளத்தில் கண்ணாடி கவுன்ட்டரில் நிற்கிற எனக்கோ கேட்கவே வேண்டாம். மாடியில் நீலத் திரை போட்ட ஒரே ஓர் அறையில் மட்டும் அவசரம் கிடையாது. சொட்டு மருந்து விட்ட குழந்தைகள் அங்கேதான் காத்திருப்பார்கள். மருந்து இறங்கிக் கண் பாப்பா நன்றாக விரிவதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். அதுவரை கிட்டத்தில் இருக்கிற எதுவும் துலங்காது. வெளிச்சம் பட்டால் கூசும்.

வெளியே வெயில் தெருவையே வறுத்துக்கொண்டிருக்கும். உள்ளே வந்தால், குளத்தின் அடியில் உட்கார்ந்திருப்பதுபோல நீலமான அரை இருட்டு. கூரையிலிருந்து நூலில் தொங்கும் காகித மீன்கள் மின்விசிறிக் காற்றில் மெல்லத் திரும்பும். அப்பா மடியிலும் அம்மா மடியிலும் சாய்ந்தபடி குழந்தைகள் அவற்றையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மீன் எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று அந்தக் கண்களுக்குத் தெரியாதாம். எனக்கே அங்கே போனால் எதற்காகப் போனேன் என்பது மறந்துவிடும்.

அந்த அறை என் அண்ணியின் ராஜ்ஜியம். என் அண்ணன் மனைவி. சொட்டு மருந்து விடுவது அவள் வேலை. எனக்கு இந்த ஆஸ்பத்திரியில் வேலை வாங்கித் தந்ததும் அவள்தான். வீட்டிலும் அவர்கள் மாடி, நான் கீழே. ஆக, இருபத்துநான்கு மணி நேரமும் என் தலைக்கு மேலேதான் இருக்கிறாள். அவளைப் பற்றி நான் சொல்வதில் கொஞ்சம் நாத்தனார் புத்தி கலந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மருந்து விடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அது எனக்கே தெரியும். "மேல எத்தனை மீன் இருக்கு, எண்ணு பாப்போம்" என்பாள். குழந்தை தலையை அண்ணாந்து மூன்றாவது மீனுக்கு வருவதற்குள் இரண்டு கண்ணிலும் சொட்டு விழுந்திருக்கும். எரிச்சலில் அழ வாயைத் திறக்கும்போது கையில் ஒரு காகிதத்தைத் திணித்துவிடுவாள்.

இந்தக் காகித விவகாரம் தொடங்கியது எப்படி என்றால், ஒவ்வொரு மருந்துப் பெட்டிக்குள்ளும் ஒரு விளக்கத்தாள் இருக்குமே, எறும்பு எழுத்தில், எட்டாய்ப் பதினாறாய் மடித்து? அதை யாரும் படிப்பதில்லை. அண்ணி வேலைக்குச் சேர்ந்த முதல் கோடை விடுமுறையில், கதறிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் கையில் அந்தத் தாளைப் பிரித்துக் கொடுத்தாள். முன்னால் ஒரு மடிப்பு, பின்னால் ஒரு மடிப்பு, முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கடைசியில் அடியைப் பிடித்ததும் விசிறி. பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் தனக்கே விசிறிக்கொண்டதாம். அன்றிலிருந்து விளக்கத்தாள் ஒன்றுகூடக் குப்பைக்குப் போனதில்லை.

பிறகு வண்ணத் தாள் வந்தது. பள்ளி விடுமுறையில்தான் பெற்றோர் குழந்தைகளைக் கண் காட்டக் கூட்டி வருவார்கள் என்பதால் அங்கே செய்வதெல்லாம் கோடைச் சரக்குதான். நாலு வயதுக்கு விசிறி. இரண்டு விசிறிகளை நடுவில் நூலால் கட்டினால் பட்டாம்பூச்சி. மூன்று விசிறிகளை வட்டமாய் ஒட்டினால் சூரியன். ஐந்து வயதுக்கு மேல் கப்பல், மீன், கூம்பாய்ச் சுருட்டிய ஐஸ்கிரீம். வட்டத்தைப் பாதியாய் மடித்துச் சிவப்புப் பூசினால் தர்பூசணித் துண்டு. வீட்டுக்குப் போகும்போது வெயில் கூசாமலிருக்க, அட்டையில் வெட்டி நீலக் கண்ணாடித்தாள் ஒட்டிய காகிதக் கூலிங்கிளாஸ். அதைப் போட்டுக்கொண்டு என் கவுன்ட்டரைக் கடந்து போகும் வாண்டுகளின் நடையைப் பார்க்க வேண்டும். பெரிய சினிமா நடிகர் என்று நினைப்பு.

எல்லாவற்றையும் பார்வை மங்கின குழந்தைகள்தான் செய்ய வேண்டும். அதற்கு அண்ணியிடம் ஒரு வழி இருந்தது. காகிதத்தின் இரண்டு மூலையையும் குழந்தையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைப்பாள். "கண்ணுக்கு லீவு விட்டுடு. விரல் பாத்துக்கும்" என்பாள். மூலையோடு மூலை சேர்ந்ததா என்று விரலால் தடவிப் பார்க்கச் சொல்வாள். நகத்தால் மடிப்பை அழுத்தச் சொல்வாள். அப்புறம் பார்த்தால், மீன்களைப் பார்த்துக்கொண்டே, கனவில் நடப்பவர்கள்போல அத்தனை குழந்தைகளும் மடித்துக்கொண்டிருக்கும். காகிதம் உரசுகிற ஓசை மட்டும் மழைத் தூறல்போலக் கேட்கும்.

அண்ணியும் அப்படித்தான் மடிப்பாள். காகிதத்தைப் பார்க்கவே மாட்டாள். வந்தவர்களெல்லாம் அதைப் பெரிய வித்தை என்று வாயைப் பிளப்பார்கள். எனக்கல்லவா உண்மை தெரியும். அவளுக்கு வயது நாற்பத்தேழு. கிட்டப் பார்வை போய் நாலைந்து வருஷம் ஆகிறது. மருந்து பாட்டிலை மூடியின் நிறத்தை வைத்து எடுப்பாள். பெயரைப் படிக்கச் சொன்னால் கையை நீட்டி, அடுத்த வீட்டுக்காரரிடம் காட்டுவதுபோலப் பிடிப்பாள். வீட்டில் ஊசியில் நூல் கோர்க்க வேண்டுமென்றால் மாடியிலிருந்து ஊசியும் நூலும் என்னைத் தேடி இறங்கி வரும்.

கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். காதில் போட்டுக்கொண்டால்தானே. காரணம் அற்பமானது. நான் அவளைவிட நாலு வயது சின்னவள், ஆனால் மூக்கில் கண்ணாடி. எனவே குழந்தைகளுக்கு நான் ஆன்ட்டி, அவள் சொட்டு அக்கா. இந்த அக்கா பட்டத்தை விட அவளுக்கு மனசில்லை. ஊழியர்களுக்கு நடக்கும் வருடாந்தரப் பரிசோதனையில் அவள் நம்பரைப் பார்த்து, இரண்டு வருஷத்துக்கு முன்பே ஒரு கண்ணாடி செய்து வைத்தேன். என் மேசை டிராயரில் அது தூங்கிக்கொண்டிருந்தது. நூறு பேருக்கு ஒரு நாளில் கண்ணாடி மாட்டுகிற என் பாச்சா சொந்த அண்ணியிடம் பலிக்கவில்லை.

போன கோடை விடுமுறையின் முதல் வாரத்தில் சுண்டெலி வந்தாள். அவள் அப்பா அவளை அப்படித்தான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரியின் விரிப்பு, துண்டு, கோட்டு எல்லாம் வெளுக்கிற சலவைக்கடைக்காரர் அவர். தாய் இல்லாத பெண். கடையில் அப்பாவோடு வளர்ந்தவள். ஆறரை வயது. வலது கண் பளிச்சென்று இருந்தது. இடது கண் சோம்பேறி. பலகையில் பெரிய எழுத்துகளைத் தாண்டி மூன்றாவது வரியிலேயே நின்றுவிட்டது.

டாக்டரம்மா அப்பாவை உட்கார வைத்துச் சொன்னார். நல்ல கண்ணே எல்லா வேலையையும் செய்துவிடுவதால் இடது கண் பார்க்கவே பழகவில்லை. கண்ணாடி போட வேண்டும். தினமும் நாலு மணி நேரம் நல்ல கண்ணை ஒட்டுப்போட்டு மூட வேண்டும். அந்த நேரத்தில் கிட்டத்தில் வைத்துச் செய்கிற நுணுக்கமான வேலையைச் செய்தால் சோம்பேறிக் கண் விழித்துக்கொள்ளும். பள்ளி திறந்துவிட்டால் நாலு மணி நேரம் கிடைப்பது கஷ்டம், வயது ஏற ஏறக் கண் பழகுவதும் கஷ்டம். இந்த விடுமுறையைக் கோட்டைவிடக் கூடாது.

நான் அவளுக்கு வட்டமான நீலச் சட்டத்தில் கண்ணாடி செய்து கொடுத்தேன். அது பிடித்திருந்தது. ஒட்டுதான் பிடிக்கவில்லை. ஒட்டினதும் பிய்த்தாள். என் பெண்ணாய் இருந்தால் இரண்டு போட்டிருப்பேன். அண்ணி அப்படியில்லை. மஞ்சள் தாளில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டிச் சூரியன் செய்து ஒட்டின் மேல் வைத்தாள். கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, ஒரு கண்ணில் சூரியனோடு சுண்டெலி சிரித்தாள். அன்றிலிருந்து அவர்கள் இருவருக்கும் அது ஒட்டு இல்லை. வெயில். "வெயில் போட்டுக்கிட்டியா?" என்று அண்ணி கேட்பாள். சுண்டெலி தலையை ஆட்டுவாள்.

கிட்ட வேலையாக என்ன செய்வது என்ற கேள்வியே எழவில்லை. மடிக்கத்தான். தினமும் அழுக்குத் துணி மூட்டை சலவைக்கடைக்குப் போகும்போது அதற்குள் அண்ணியின் உறை ஒன்று போகும். உள்ளே வண்ணத் தாள்களும், இன்று கப்பல், நாளை மீன் என்ற உத்தரவும். மறுநாள் காலை, வெளுத்த துண்டுகளின் மேல் செய்து முடித்த கப்பல்கள் ஏறி வரும். இஸ்திரிச் சூடும் சோப்பு வாசனையுமாக.

அந்த மடிப்புகளை என்னவென்று சொல்வது. மூலை மூலையோடு மயிரிழை பிசகாமல் நிற்கும். நீல அறையின் கூரையில் இடம் போதாமல் ஜன்னலுக்கும் படிக்கட்டுக்கும் பரவின. டாக்டரம்மாகூட நின்று பார்த்தார். அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் சுண்டெலி பேச்சு, வீட்டுக்கு நடந்து போகும்போது சுண்டெலி பேச்சு. தனக்குப் பிள்ளை இல்லையென்று இருபது வருஷமாக ஒரு வார்த்தை சொல்லாதவள் அவள். அந்தச் சில வாரங்கள் நாங்கள் எல்லோரும் ஒரு காகிதக் கடலுக்குள் சுகமாக மிதந்துகொண்டிருந்தோம் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

மூன்றாவது வார முடிவில் பரிசோதனை. சுண்டெலியின் கண்ணாடிக் காது தளர்ந்திருந்ததால் திருகாணியை முடுக்க என்னையும் மேலே கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி கதவருகே நின்றாள். நல்ல கண்ணை மூடிவிட்டுப் பலகையைக் காட்டினார் டாக்டரம்மா. சுண்டெலி முதல் வரி படித்தாள், இரண்டாவது வரி படித்தாள், மூன்றாவது வரியில் தடுமாறி நின்றாள். வந்த அன்று நின்ற அதே இடம்.

டாக்டரம்மா ஒட்டைப் பற்றிக் கேட்டார். ஒரு நாள்கூட விட்டதில்லை, கடிகாரம் பார்த்து நாலு மணி நேரம் என்றார் அப்பா. மடிக்கிற வேலையையும் ஒழுங்காகச் செய்தாளா என்று கேட்டார். அந்த மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"அதுல குறையே சொல்ல முடியாதுங்க. கடையில துண்டு மடிச்சுப் பழகின கை. இவ கண்ணை மூடிக்கிட்டே மடிப்பா" என்றார்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மேசையிலிருந்த ஒரு தாளை எடுத்து, நல்ல கண்ணை மூடியபடியே, ஒரு மீன் செய்து காட்டச் சொன்னார். சுண்டெலி தாளை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே மரம் ஆடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள், விரல்கள் மூலையைத் தேடின, சேர்த்தன, தடவிப் பார்த்தன, நகம் மடிப்பை அழுத்தியது. தாளை ஒரு தடவைகூட அவள் பார்க்கவில்லை. அழகான மீன்.

"கண்ணு வேலை செய்யணும்னுதான் இன்னொரு கண்ணை மூடறோம்" என்றார் டாக்டரம்மா. குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "இப்ப ரெண்டு கண்ணும் தூங்குது. விரல் மட்டும் வேலை செய்யுது. ஸ்கூல் திறக்க இன்னும் அஞ்சு வாரம் இருக்கு."

அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. சுண்டெலி தான் என்ன தப்பு செய்தோம் என்று புரியாமல் அவளைப் பார்த்தாள். "நீங்கதானே அக்கா கண்ணுக்கு லீவு விடச் சொன்னீங்க" என்றாள்.

அன்று மாலை அண்ணி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே போகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். "நானே கெடுத்துட்டேன்" என்றாள். மூன்று வாரமாக அந்தக் குழந்தையைத் தூங்க வைத்ததற்கு இத்தனை அலங்காரமா என்று படிக்கட்டில் தொங்கிய கப்பல்களைக் காட்டினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆறுதல் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"நீங்க எப்படிக் கண்டுபிடிச்சிருப்பீங்க? நீங்களும் பாக்காமதானே மடிக்கிறீங்க. பக்கத்துல இருக்கிறது தெரியலன்னு ஒத்துக்கிட்டு ஒரு கண்ணாடி போட்டிருந்தா, விரல்தான் எல்லாம்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பீங்களா?"

சொல்லியிருக்கக் கூடாது. பொய்யில்லை, ஆனால் அந்த நேரத்தில் சொல்லியிருக்கக் கூடாது. அண்ணி எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் என்னிடம் பேச்சுவார்த்தை இல்லை. ஊசியும் நூலும்கூட மாடியிலிருந்து இறங்கவில்லை. நடுவில் அண்ணன் மாட்டிக்கொண்டு, இவள் சொன்னதை அவளுக்கும் அவள் சொன்னதை இவளுக்கும் சொல்லியே களைத்துப்போனார். அந்த இரண்டு நாளும் சலவை மூட்டையில் உறை போகவில்லை. வெளுத்த துண்டுகள் வெறும் துண்டுகளாக வந்தன.

மூன்றாம் நாள் காலை, ஆஸ்பத்திரி திறப்பதற்கு முன்பே, அண்ணி என் கவுன்ட்டரில் ஒரு கட்டுத் தாளைப் போட்டாள். கண் சிவந்திருந்தது. ராஜியாகப் போகலாம் என்று ஒரு வார்த்தை கிடையாது.

"பென்சிலை எடு. விரலுக்குத் தெரியாத வேலை வேணும்" என்றாள்.

அதைப்போல ஒரு யோசனை அவளுக்குத்தான் வரும். விரலால் தடவினால் கோடு தெரியாது, நிறம் தெரியாது, புள்ளி தெரியாது. அப்படிப்பட்டதாக ஒவ்வொன்றையும் மாற்றினாள். முன்னே மூலையோடு மூலை சேர்த்த மீன் இப்போது நான் மெல்லிசாக இழுத்த சாய்கோட்டின் மேல் மடிய வேண்டும். வயிற்றில் நெல்லளவு செதில்களுக்குள் வெளியே வழியாமல் வண்ணம் தீட்ட வேண்டும். பட்டாம்பூச்சியின் இரண்டு சிறகிலும் புள்ளிகள். எந்தப் புள்ளிக்கு எதிர்ச் சிறகில் ஜோடி இல்லையென்று கண்டுபிடித்து அதை வைக்க வேண்டும். கோடு போடுவது நான். அவளால் அந்தக் கோட்டைப் பார்க்க முடியாது, ஆனால் எங்கே போக வேண்டுமென்று அவளுக்குத்தான் தெரியும்.

தினசரி வேலை தர்பூசணி. உறையில் எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தர்பூசணித் துண்டு உண்டு. சிவப்பில் பொடிப்பொடியாகக் கறுப்பு விதைகள். ஒரு நாள் ஏழு, ஒரு நாள் பதினொன்று. அண்ணியே பேனா முனையால் கைப்பழக்கத்தில் குத்தி வைப்பாள், எத்தனை என்று ஒரு நோட்டில் பெரிசாக எழுதிக்கொள்வாள். சுண்டெலி வெயில் போட்டுக்கொண்டு ஓரத்துக் கோட்டில் வெட்டி, விதையை எண்ணி, பின்பக்கம் எண்ணை எழுதி அனுப்ப வேண்டும். எண்ணும் நோட்டும் ஒத்துப்போனால் அண்ணி ஒரு டிக் போட்டு ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் வைப்பாள்.

முதல் வாரம் வந்ததெல்லாம் பார்க்கச் சகிக்கவில்லை. மீன்கள் கோணலாக, வண்ணம் அப்பி, ஓரம் எலி கடித்ததுபோல. ஏழு விதையை ஐந்து என்று எழுதியிருந்தாள். தலை வலிக்கிறது என்று அழுவதாக அப்பா சொல்லி அனுப்பினார். பழைய மாதிரி கப்பலே செய்கிறேன் என்று சுண்டெலி ஒற்றைக் காலில் நின்றாளாம். அண்ணி அன்று வேலை முடிந்ததும் சலவைக்கடைக்கே போனாள். துணி மேடையில் அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, கெஞ்சாமல், மிரட்டாமல், ஒரே ஒரு செதிலை மட்டும் தீட்டச் சொன்னாளாம். "விரலுக்கு இப்போ லீவு. கண்ணு ரொம்ப நாள் தூங்கிடுச்சு, எழுந்திருக்கும்போது கொஞ்சம் சிணுங்கத்தான் செய்யும்" என்றாளாம். ஒரு செதில், அப்புறம் இன்னொன்று. திரும்பி வரும்போது எட்டு மணி. அண்ணன் எனக்கும் சேர்த்துச் சமைத்து வைத்திருந்தார். சமாதானம் அப்படித்தான் வந்தது, யாரும் அறிவிக்காமல்.

அப்புறம் நாள்கள் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. விடுமுறைக் கூட்டம் என் கவுன்ட்டரை அப்பியிருந்தது, நான் தலை நிமிரவில்லை. மூட்டை போகும், மூட்டை வரும். செதில்களுக்குள் வண்ணம் அடங்கியது. விதைக் கணக்கு தப்பாமல் வர ஆரம்பித்தது. மாடியில் பழைய மீன்கள் அப்படியே சுற்றிக்கொண்டிருந்தன, புதுப் பிள்ளைகள் அவற்றை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அண்ணி "கண்ணுக்கு லீவு" என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள். காகிதத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிஸ்கட் டப்பா நிரம்பிக்கொண்டிருந்தது.

பள்ளி திறப்பதற்கு மூன்று நாள் முன்பு சுண்டெலி வந்தாள். கூப்பிடாமலேயே நானும் மேலே போய் நின்றேன். கவுன்ட்டரில் எட்டுப் பேர் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முதல் வரி. இரண்டாம் வரி. மூன்றாம் வரியில் நிற்காமல் அவள் தாண்டிப் போனபோது அண்ணி என் முழங்கையைப் பிடித்தாள். நாலாம் வரி. ஐந்தாம் வரியை மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக, மூக்கைச் சுளித்துக்கொண்டு படித்தாள். ஆறாம் வரியில் நின்றாள்.

"மூணு வரி இறங்கியிருக்கா" என்றார் டாக்டரம்மா. "கண்ணு முழிச்சுக்கிச்சு. இனிமே ஸ்கூல் விட்டு வந்து ரெண்டு மணி நேரம் போட்டா போதும், ஆனா நிறுத்தக் கூடாது." சலவைக்கடைக்காரர் தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என் முழங்கையில் அண்ணியின் நகம் பதிந்திருந்தது. நானும் அழுதேன், மறைப்பானேன்.

அதற்குப் பிறகு எல்லோரும் நீல அறைக்குப் போனோம். அண்ணி பிஸ்கட் டப்பாவைத் திறந்து, இருபத்துச் சொச்சம் தர்பூசணித் துண்டுகளையும் பாயில் பரப்பினாள். நூலில் கோர்த்து ஜன்னலுக்குத் தோரணம் கட்டப் போவதாகச் சொன்னாள். சுண்டெலி அவற்றின் நடுவில் உட்கார்ந்து, ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"இதுல எத்தனை விதை அக்கா?"

அண்ணி துண்டைத் திருப்பிப் பின்பக்கத்து எண்ணைப் பார்த்து, ஒன்பது என்றாள்.

"தப்பு. பத்து."

நோட்டை எடுத்துக் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, ஒன்பதுதான் என்றாள் அண்ணி. சுண்டெலி விடவில்லை.

"எழுதுறப்போ ஒன்பதுதான். எழுதினப்புறம் நான் ஒண்ணு போட்டேன். எல்லாப் பழத்துலயும் ஒண்ணு போட்டிருக்கேன். மூணு வாரமா. நீங்க கண்டுபிடிப்பீங்களான்னு பாத்தேன், நீங்க டிக்கு போட்டுட்டே இருந்தீங்க."

அண்ணி துண்டைத் தூரப் பிடித்தாள். கிட்டக் கொண்டுவந்தாள். மறுபடி தூரப் பிடித்தாள். நான் அதை அவள் கையிலிருந்து வாங்கிப் பார்த்தேன். பச்சைத் தோலை ஒட்டி, எள்ளில் பாதியளவு இருந்தது அந்த விதை. வெறும் புள்ளிகூட இல்லை, ஒரு பக்கம் கூராக, விதைக்குரிய வடிவத்தோடு வரைந்திருந்தாள். மூக்கில் கண்ணாடியை வைத்துக்கொண்டு எனக்கே கண்ணை இடுக்க வேண்டியிருந்தது.

"வெயில் போட்டுக்கிட்டா வரைஞ்சே?" என்றாள் அண்ணி.

"ஆமா. இல்லன்னா அது ஏமாத்தறது." சுண்டெலி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். கேலியில்லை, கவலை. "அக்கா, உங்க கண்ணுக்கு மட்டும் இன்னும் லீவு முடியலையா?"

மின்விசிறி சுற்றியது. மீன்கள் திரும்பின. அண்ணி கொஞ்ச நேரம் அந்தத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதாவது அவை இருக்கும் பக்கம். பிறகு எழுந்து, படியிறங்கி, காத்திருந்த எட்டுப் பேரையும் தாண்டி என் கவுன்ட்டருக்கு வந்து, கூடவே இறங்கிய என்னிடம் கையை நீட்டினாள். பேசினால் குத்திக்காட்டிவிடுவேன் என்று எனக்கே பயம். டிராயரைத் திறந்து இரண்டு வருஷமாகத் தூங்கின கண்ணாடியை எடுத்து, என் துப்பட்டாவால் துடைத்து, அவள் காதில் மாட்டினேன். நம்பர் இதற்குள் கொஞ்சம் ஏறியிருக்கும். அன்றைக்கு அது போதும்.

பின்னாலேயே இறங்கி வந்த சுண்டெலி தர்பூசணித் துண்டைக் கவுன்ட்டர் மேல் வைத்தாள். அண்ணி குனிந்து, தோலை ஒட்டியிருந்த அந்த விதையின் மேல் விரலை வைத்தாள். அவள் கண்டுபிடித்துவிட்டாள். அப்புறம் நிமிர்ந்து சுண்டெலியின் முகத்தை, நீலச் சட்டத்துக்குள் இருந்த அந்தச் சோம்பேறிக் கண்ணை, முதல் தடவை கிட்டத்தில் பார்க்கிறவளைப்போல இமையிமையாகப் பார்த்தாள்.

சுண்டெலியும் அவளை மேலும் கீழுமாகப் பார்த்துவிட்டுத் தன் தீர்ப்பைச் சொன்னாள்.

"நல்லா இருக்கு, ஆன்ட்டி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அண்ணி என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு சுண்டெலியின் கையைப் பிடித்து, "வா, மிச்சத்துல இருக்கிறதையும் எண்ணுவோம்" என்று மாடிக்குக் கூட்டிப் போனாள்.